முன்ன மாதிரி இல்லப்பா!

லால்குடியில் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. தியாகராஜரே வந்து சப்தரிஷீஸ்வரர் மீதும் அம்பாள் மீதும் ஐந்து கீர்த்தனைகள் பாடிவிட்டுப் போன ஊர். போதாக்குறைக்கு, உலகத்தில் வயலின் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ‘லால்குடி’ என்றால் ஊர் ஞாபகம் வராது, ஜெயராமன்தான் ஞாபகம் வருவார். இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தான் நம்முடைய ஏமாந்த ரசிகர்.

திருச்சியில் உத்தியோகம். போவதும் வருவதும் பாசஞ்சர் ரயிலில். இளையராஜாவின் பரம பக்தர். பக்தியின் ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ராஜா போட்ட எந்தப் புது ஆல்பமும் இவருக்குப் பிடித்ததில்லை. சும்மா வந்துபோகும் ரசிகர்கள்தான் முதல் நாளே ‘சூப்பர்’ என்பார்கள். இவர் கேட்பார், இன்னொரு தடவை கேட்பார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே விளங்கிவிடும். “முன்ன மாதிரி இல்லப்பா!”

2012 செப்டம்பரில் ‘நீதானே என் பொன்வசந்தம்’ பாடல்கள் வந்தபோதுதான் இந்தக் கலையின் உச்சத்தைத் தொட்டார். கௌதம் மேனன் படம், வெளிநாட்டு வாத்தியக்காரர்கள், நா. முத்துக்குமார் வரிகள், எட்டுப் பாட்டு. சிடி கைக்கு வருவதற்கு முன்பே ரயிலில் பாதிப் பெட்டிக்கு அறிவித்தாயிற்று: “பாருங்க, தலைவர் திரும்பி வர்றார்.” தலைவர் எங்கேயும் போகவில்லை, வருஷா வருஷம் படம் பண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழுந்திருக்காது.

சிடி வந்தது. ராத்திரி வெகுநேரம் எட்டுப் பாட்டிலும் தபேலாவைத் தேடினார். காணாமற்போன பசுமாட்டைத் தேடுகிற மாதிரி, ஒவ்வொரு சரணத்திலும் எட்டிப் பார்த்தார். யுவன் பாடிய ‘பெண்கள் என்றால்’ ராக் பாட்டில் கிட்டார் அலறியதும், அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்து, “பக்கத்துல யாரும் வெல்டிங் பட்டறை வச்சிருக்காங்களா?” என்று கேட்டார். ரசிகர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் காலை ரயிலில் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. குரல் தேர்வு சரியில்லை. மிக்ஸிங்கில் குரல் அமுங்கிவிட்டது. பாட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறது, ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறது. “‘ஹவ் டு நேம் இட்’ போட்ட கையா இது?” என்று முடித்தபோது குரல் கம்மியது.

இங்கேதான் வரலாறு கொஞ்சம் இடிக்கிறது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் ராஜா காணிக்கையாக்கிய அந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேசட் 1986-இல் வந்தபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம்மவர், “பாடறதுக்கு ஆளே இல்லாம ஒரு கேசட்டா? காசு தண்டம்” என்று தீர்ப்பளித்ததைக் கேட்ட சாட்சிகள் இன்னும் ஊரில் நடமாடுகிறார்கள். வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு அவர் அன்று காது கொடுக்கவில்லை. லால்குடிக்காரரிடமே வயலின் எடுபடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2005-இல் ராஜாவின் திருவாசகம் வந்ததும் வேறு புகார்: “மாணிக்கவாசகருக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா?” இப்போது மார்கழி பிறந்தால், கோயில் ஒலிபெருக்கிக்குப் போட்டியாக அவர் வீட்டு ஜன்னலிலிருந்து வருவது அதே திருவாசகம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு ராஜா ஆல்பம் இவர் மனத்தில் பழுக்க ஏழெட்டு வருஷமாவது ஆகிறது. அதுவரை அது சறுக்கல். பழுத்த பிறகு அடுத்த ஆல்பத்தை அடிக்க அதுவே கம்பு.

இந்த ரகம் சினிமாப் பாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எதிர்வீட்டு மாமா ஜெயராமன் கட்சி. “அறுபதுகள்ல அவர் வில்லு போட்டது வேறப்பா” என்பார். அதே ஜெயராமன் ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருது வாங்கினாரே என்று நம்மவர் மடக்கினால் மட்டும் மாமா சந்தியாவந்தனத்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார்.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. எண்பத்தோரு வயதில் ஒரு மனிதர் சிம்பொனி எழுதி அரங்கேற்றினார் என்று ஊரே பூரித்தது. நம்மவருக்கோ தர்மசங்கடம். கைபேசிக்கு வந்து சேர்ந்தவை துண்டு துண்டான காட்சிகள். “முழுசாக் கேக்காம எப்படிக் குறை சொல்றது? அது தப்பில்லையா?” என்று நாலு நாள் நியாயஸ்தராக இருந்தார். ஐந்தாம் நாள் தாங்கவில்லை. “என்ன இருந்தாலும் பொன்வசந்தத்துல ஸ்டிரிங்ஸ் ஒரு இழை இழைச்சிருப்பார் பாரு, அது வராது.”

அன்று சாயங்கால பாசஞ்சரில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அரியலூர்ப் பையன் ஒருவன், பெரியவர் மனம் குளிரட்டும் என்று நினைத்து, “ஆமா சார், ராஜா சாருக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்ல” என்றான்.

“யாருக்கு வயசாயிடுச்சு? என்ன தம்பி தெரியும் உனக்கு?” என்று ஆரம்பித்தார். 1976-இல் வந்த அன்னக்கிளியில் தொடங்கி, தளபதி வழியாக, தபேலா இல்லாமலேயே பொன்வசந்தம் எப்படி நின்றது என்பதுவரை நிறுத்தாமல் போனார். பையன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. வாளாடி வந்தது, போனது. லால்குடி வந்தது, போனது. புள்ளம்பாடியில் இறங்கி, திரும்பிவர பஸ் ஏறியவர், கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டாராம்: “நீங்க சொல்லுங்க, அந்த மனுஷனைக் குறை சொல்ல இவனுக்கெல்லாம் என்ன தகுதி?”