மூன்றில் இரண்டு

கேள்வி: 2022-இல் வீட்டு வரியை 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். கேட்டால் 'டெல்லி சொன்னது' என்கிறார்கள். தூத்துக்குடிக்காரன் யாரிடம் சண்டை போடுவது?
(முத்தையாபுரம் வாசகர்)

பதில்: இருவரிடமும்! மானியம் வேண்டுமானால் வரியைத் திருத்து என்று நிபந்தனை வைத்தது 15-ஆவது நிதிக்குழு. எவ்வளவு என்று எழுதியது சென்னைக் கோட்டை. முத்துக்குளித்த நாளில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ஒன்று. அதைப் பார்த்த ஊருக்கு வரி புதிதா?

ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள்ளேயே மூழ்கினோமே! 600 சதுர அடி வீட்டுக்காரரும் 25 சதவீதம் கூட்டிக் கட்டுகிறார். அவர் தெருவுக்கு மழைநீர் வடிகால் எப்போது? மாமன்ற உறுப்பினரிடம் முதலில் அந்தச் சண்டையைப் போடுங்கள்.