கார்டு திருடனுக்கு என்ன கொடுக்கலாம்?

டெபிட் கார்டு மோசடிக்காரன் கையை வெட்டணும் என்கிறார் பெருங்களத்தூர் டீக்கடையில் ஒருவர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவோ 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கண்ணியமாக நிறுத்திக்கொள்கிறது. 2021இல் சென்னையில் ஸ்டேட் வங்கியின் டெபாசிட் இயந்திரங்களை ஏமாற்றிய ஹரியானா கும்பல், கார்டைப் போட்டுவிட்டு, பணம் வரும் வாயைச் சுமார் 20 நொடி பிடித்துக்கொண்டு நின்றது. எடுத்த பணத்தை எடுக்கவே இல்லையென்று இயந்திரமும் நம்பியது. இவ்வளவு பொறுமைசாலிகளுக்குச் சிறை எதற்கு? பறிகொடுத்தவர் செய்வதையெல்லாம் இவர்களே செய்யட்டும்: சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன், கிளைக்கு நடை, பாஸ்புக் நகலோடு காவல் நிலைய பெஞ்சு. ஜாமீன் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று, திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக் காட்டினால்.