இருபத்தெட்டில் சந்திப்போம்

தவில்காரனிடம் யாரும் 'மெதுவா வாசி' என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கெட்டிமேளம் என்றால் கெட்டிதான்; முன்வரிசைச் சித்தப்பா பேசுவது பக்கத்தில் இருக்கும் சித்திக்கே கேட்கக் கூடாது. அப்படி வளர்ந்த என்னைக் குளச்சல் பையன்கள் ராக் பேண்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய டிரம்மருக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. "அண்ணே, தவிலே அடிக்கீங்க, இது என்ன பெரிய காரியமா?" என்றான் கித்தார் தம்பி.

துறைமுகத்துப் பக்கம், வலை போட்டுவைக்கும் அறைக்கு மேல்மாடியில் ஒத்திகை. கருவாட்டு வாசத்தில் பிங்க் ஃபிளாய்டு.

தவிலில் எனக்கு இடது கையில் கம்பு, வலது கை விரல்களில் கூடு. துணியைப் பசை தடவிச் சுற்றி, கல்லாகக் காயவைத்து மாட்டுவது. டிரம்ஸில் இரண்டு கைக்கும் குச்சி. விரல்களுக்கு வேலை போயிற்று. கச்சேரி கச்சேரியாக மடங்கிக் கிடந்த கால்களுக்குத் திடீர் உத்தியோகம். வலது கால் பாஸ் டிரம்முக்கு, இடது கால் ஹைஹேட்டுக்கு. இடது கால் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அதைவிடக் கொடுமை அந்த நாலு எண்ணிக்கை. 1, 3 காலுக்கு. 2, 4 ஸ்னேருக்கு. பாட்டு முடிகிறவரை அவ்வளவுதான். ததிகிணதொம்மை மூன்று காலத்திலும் சாதகம் பண்ணினவன் சும்மா இருப்பானா? இடம் கண்டால் ஒரு தரிகிடவைச் செருகுவேன். "நடுவுல ஒண்ணும் வைக்காதீங்கண்ணே" என்பான் தம்பி. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸைப் போனில் காட்டினான். ஜாஸில் ஊறிய மனுஷன். ஸ்னேரில் அடி விழும்போது ஹைஹேட்டை விட்டுவிடுகிறார். இருப்பதிலும் ஒன்றைக் கழிக்கிறார்! கல்யாண வீட்டில் இப்படி வாசித்தால் சம்பளத்திலும் கழிப்பார்கள்.

ஆனாலும் தெம்பு குறையவில்லை. 1741இல் இந்த ஊர்ச் சண்டையில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். தோற்றவன் ஆசானாவது குளச்சலுக்குப் புதிதில்லை.

என் காலமும் வந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'மணி', 1973இல் வந்த பாட்டு. சில்லறைச் சத்தத்தோடு தொடங்கும். கேட்டதும் நிமிர்ந்தேன். ஏழு! பையன்கள் விரல்விட்டு எண்ணி, எட்டில் போய் விழுந்துகொண்டிருந்தார்கள். மிஸ்ரம் எனக்குப் பாட்டி வீடு. "தகிட தகதிமி சொல்லுங்கடே" என்றேன். ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னார்கள். அன்றைக்குச் சுக்குக்காப்பி முதலில் எனக்குத்தான் வந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கித்தாரின் தனி வந்ததும் பாட்டு ஏழை விட்டுவிட்டு நாலுக்கு மாறுகிறது. ரெக்கார்டிலேயே அப்படித்தான். இவ்வளவு அழகான ஏழை யாராவது கைவிடுவார்களா? ஒத்திகையில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். ஊர்த் திருவிழா மேடையில் மனசு கேட்கவில்லை. தம்பி நாலுக்குத் தாவினான். நான் ஏழிலேயே இருந்தேன். ஏழும் நாலும் 28இல் சேரும், தவில்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பாஸ் கித்தார் பையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வாசிப்பையே நிறுத்திவிட்டான். 'பொறு மக்கா, வந்துருவேன்' என்று கண்ணால் ஜாடை காட்டினேன். 26, 27, 28, தொம்! சமத்தில் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம். முன்வரிசையில் ஒரு நாகசுரக்காரர் மட்டும் தொடையில் தட்டி "பலே!" என்றார்.

கித்தார் தம்பி திரும்பினான். "இவ்வளவு நேரம் எங்கண்ணே போயிருந்தீங்க?"