இன்னும் வராத திட்டத்துக்கு முன்கூட்டிய நன்றி

பெறுநர்: எங்கள் ஊருக்குச் சுற்றுலாத் திட்டம் தீட்டப்போகும் அதிகாரி ஐயா அவர்கள்.

பொருள்: கூந்தன்குளத்தை வளர்க்காமல் விடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்கள் எழுதிக்கொள்வது. 1994-ல் எங்கள் ஊர் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்து நீங்கள்தான் வரவேண்டும். வரும்போது தோரண வாயில், செல்பி மேடை, சிமென்ட் பூநாரை என்று ஒரு மதிப்பீடும் கையோடு வரும். எந்த ஊருக்கும் அதுதானே வழக்கம்!

சிமென்ட் பூநாரையில் ஒரு வசதி உண்டு, ஒத்துக்கொள்கிறோம். அது எச்சம் போடாது. எங்கள் மஞ்சள்மூக்கு நாரை போடும். வீட்டை ஒட்டிய மரங்களில்தான் அதற்குக் கூடு. கீழே காயப்போட்ட சிவப்புச் சேலை மாலைக்குள் புள்ளிச்சேலை ஆகிவிடும். மேலிருந்து மீன் விழும். சில நாள் குஞ்சே விழும், எடுத்துப் பார்த்துக்கொள்வோம். பங்குனி வெயிலில் அந்த வாடையோடு சோறு உண்ணப் பழகியவர்களைத்தான் உங்கள் கோப்பு 'பயனாளிகள்' என்று குறிக்கும். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் எங்களுக்கு நஷ்டமில்லை. பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி போடாத பிள்ளைகளுக்குத்தான் எந்தக் கணக்குத் தலைப்பில் ஈடு கொடுப்பீர்களோ!

குளிரூட்டிய விடுதியும் கட்டலாம். ஆனால் மழை பொய்த்து, மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்து சேராத வருஷம் கூழைக்கடா எட்டிப்பார்க்காது. அது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அறை பிடித்தவருக்கு யார் பதில் சொல்வது? வயலை விற்றுவிட்டு விடுதி வாசலில் காவலுக்கு நிற்கிற வளர்ச்சி எங்களுக்கு வேண்டாம். நெல்தான் பிழைப்பு, பறவை பார்க்க வருகிறவர் தரும் காசு மேல்வரும்படி. அவர் காரை ஊருக்கு வெளியே நிறுத்தட்டும், ஊர்ப் பிள்ளை ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும், எங்கள் பெண்கள் ஆக்கிய சோற்றைக் காசு கொடுத்துச் சாப்பிடட்டும். குஞ்சு பொரித்த தெருவில் ட்ரோன் பறக்கவிடும் கல்யாண ஜோடிகளை மட்டும் உங்கள் அலுவலக மொட்டைமாடிக்கு அனுப்பிவைக்கிறோம்.

இதற்கு மேலும் நிதி மிஞ்சினால், குளத்துக்கு வரும் கால்வாயைத் தூர்வாருங்கள். கல்வெட்டை அந்தக் கரையிலேயே நட்டுக்கொள்ளலாம். பெயர் பெரிதாகவே இருக்கட்டும், நாரைக்கு வாசிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
ஊர்க்காரர்கள்

நகல்: மணிமுத்தாறு மடை திறப்பவருக்கு, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.