சுங்கை சிப்புட் வட்டாரப் பழங்கார்களில் சூட்டு முள்ளின் அசைவு: ஒரு பன்முக நோக்கு

1. வரலாற்றுப் பின்புலம்

சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது 1948 ஜூனில். மோரிஸ் மைனர் லண்டனில் அறிமுகமானது அதே ஆண்டு அக்டோபரில். இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனவே முன்னுரையில் சேர்ப்பது மரபு.

2. வகைப்பாடு

அ) நீரிலி: ஃபோக்ஸ்வாகன் பீட்டல். காற்றே குளிர்விப்பதால் ஆய்வாளருக்கு வேலையில்லை.

ஆ) நீருண்டு, முள்ளிலி: மோரிஸ் மைனர். சூட்டு மீட்டர் வைக்காமலே விற்றார்கள். ஓட்டுபவர் மூக்கே கருவி. நெடி வந்ததும் "தண்ணி காஞ்சிருச்சு" என்பது துணிபு (காண்க: பட்டறைச் சுவர், கிரீஸ் கறைக்கு இடப்புறம்).

இ) நீரும் முள்ளும் உடையவை: சி, என், எச் என்று மூன்றே எழுத்துள்ள ஸ்மித்ஸ் மீட்டர். நடுவிலுள்ள 'என்' எத்தனை டிகிரி என்று அது சொல்வதில்லை. ஆகவே எல்லாரும் சொல்லலாம்.

3. இருமுள் ஏற்றம்

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே ஏறுவதுண்டு. டாங்கி தானாக நிரம்புகிறது என்பது ஒரு பள்ளி. இரண்டு மீட்டருக்கும் 10 வோல்ட் அளந்து கொடுக்கும் ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்பது மறுபள்ளி. மெக்கானிக் பின்னதைச் சேர்ந்தவர் (காண்க: பட்டறைக் காலண்டர், பின்பக்கப் பென்சில் குறிப்பு, மழையில் நனைந்த வரிகள் நீங்கலாக).

4. முள் இறக்கம்

ஆய்வின் உயிர்நிலை இதுவே. ஈப்போ நோக்கிப் போகையில் மெனோரா சுரங்கப்பாதை ஏற்றம். முள் எச்சைத் தொடுகிறது. வீட்டம்மா கந்தசஷ்டி முருகனை அழைக்கிறார். திடீரென முள் இறங்கி 'என்'னில் அமர்கிறது. முருகன் வந்துவிட்டான் என்று காரில் ஒரே மகிழ்ச்சி. உண்மையில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டது. சென்சார் தன்னைத் தொடும் நீரின் சூட்டைத்தான் அறியும். நீர் வற்றியதும் வெற்றிடத்தில் நின்றுகொண்டு எல்லாம் நலம் என்கிறது. இஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது (காண்க: மேற்படி சுவர், சுண்ணாம்படித்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு, அதற்குப் பட்டறைப் பையன் விரலால் எழுதிய உரை, அவ்வுரைக்குப் பல்லி இட்ட அடிக்குறிப்பு).

உள்ளே வற்றிய பின் முகத்தில் நிலவும் இவ்வமைதி கார்களுக்கு மட்டும் உரியதன்று. கருத்தரங்கத் தலைமையுரைகளிலும் இது காணப்படுகிறது. ஒப்பீட்டாய்வுக்கு வந்தவர் தலைமையுரை முடியுமுன் உறங்கிவிட்டார்.

5. மூடி

சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை 110 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே ஏற்றுகிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் விழுந்து நீர் அக்கணமே பொங்கும். இதை மறுத்த ஆய்வாளர் எவரும் கையில் கட்டில்லாமல் காணப்படவில்லை.

6. முடிவுரை

ஏற்றத்தில் முள் சட்டென்று இறங்கினால் மகிழாமல் ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் பார்க்க. மேலாய்வு தேவை என்று முடிப்பதுதான் முறை. ஆனால் மெக்கானிக் பேச்சோடு பேச்சாக ஹோஸை மாற்றிவிட்டதால் நிதி கேட்க வழியில்லாமல் போயிற்று.