மலையில மொட்டை இலவசம், மருமகனே

ஏப்பா மருமகனே, பழனி மலைக்கோயில்ல மொட்டை போட 2021 செப்டம்பர்ல இருந்து காசு கிடையாது. அறநிலையத்துறைக் கோயில் எல்லாத்துலயும் இலவசம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. பாலசமுத்திரத்துல பஸ் ஏறினா சட்டுனு அடிவாரம். இவ்வளவு வசதி பக்கத்துலயே இருக்கறப்ப, நீ எதுக்குய்யா போன்ல, அதுவும் கைக்காசு குடுத்து மொட்டை போட்டுக்கப் பார்த்தே?

நேத்து தோப்புல நின்னு ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனியே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குக் காது மந்தம்னு நீங்கள்லாம் முடிவு பண்ணி வெச்சிருக்கீங்க. நானும் மறுக்கறதில்ல, அதுல ஆதாயம் இருக்கு. "உங்க ரிவார்டு பாயின்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது சார்"ங்கறான் அவன். நீ பர்ஸைத் தொறந்து கிரெடிட் கார்டை எடுத்து, பின்னாடி இருக்கற மூணு எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கறே. அதுக்குள்ள டவர் போச்சு. அணைக்கட்டுப் பக்கம் மலை மறைக்குதுன்னு வந்த நாள்ல இருந்து திட்டுனியே, அந்த டவர்தான் உன்னைக் காப்பாத்துச்சு. அதுக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு ஊருக்குப் போ.

நீ கோயமுத்தூர்ல கம்பெனியில குப்பை கொட்டறவன், விவரமானவன். நான் பட்டன் போன்காரன், கார்டைத் தொட்டதுகூட இல்ல. இருந்தாலும் இந்தப் பட்டிக்காட்டானுக்கு ரெண்டொரு சந்தேகம்.

உன் கார்டு நம்பர்ல முதல் ஆறு எண்ணை அவன் ஒப்பிச்சதும், "ஆமாங்க, கரெக்டுங்க"ன்னு வாயைப் பொளந்தியே, அது ஏன்? விசா கார்டுன்னா எல்லாமே 4-ல தான் ஆரம்பிக்கும். முதல் ஆறோ எட்டோ எண்ணு எந்த வங்கி, என்ன வகைக் கார்டுங்கறதைச் சொல்றதுக்காக இருக்கு. அதே வங்கியில அதே கார்டு வாங்கின அத்தனை பேருக்கும் அது ஒண்ணுதான். உன் வீட்டு பின்கோடை ஒருத்தன் கரெக்டாச் சொல்லிட்டா, பங்காளின்னு பாய் விரிச்சுப் போடுவியா? அவனுக்குத் தெரிஞ்ச ஆறைச் சொல்லி, தெரியாத பத்தை உன் வாயாலயே வாங்கப் பார்த்தான். நீயும் "மீதியை நானே சொல்றேங்க"ன்னு முந்திக்கிட்டே. நல்ல மனசு உனக்கு.

அப்புறம் அந்த "சார்". ஒரு பேச்சுக்கு எத்தனை சார்! நம்ம ஊர்ல உன்னை இன்னும் "டேய்"தான். கம்பெனியில என்னன்னு கூப்பிடறாங்களோ எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். ஆனா அந்த சார்ல நீ குளிர்ந்தது தென்னைமரத்தடியில உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது. முதல்ல சார் போடுவான். கொஞ்சம் தயங்கினா, "கார்டு பிளாக் ஆயிடும்"னு மிரட்டுவான். ரெண்டுக்கும் நடுவுல உன்னை யோசிக்க விடக்கூடாது, அதான் அவன் தொழில். உனக்கும் பேசிக்கிட்டிருக்கறவன் முகத்துல அடிச்ச மாதிரி போனை வைக்க மனசு வராது. வீட்ல அம்மா கூப்பிட்டா மட்டும் "மீட்டிங்ல இருக்கேன்"னு டக்குனு வெச்சுடுவே.

தமிழ்ல பேசுனான், அதனால நம்பினேன்னு சொன்னே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு அடங்கல. ஜார்க்கண்ட்ல ஜாம்தாரான்னு ஒரு மாவட்டம். வங்கியிலிருந்து பேசறோம்னு ஊரை ஏமாத்தறதுக்குன்னே பேர் போய், 2020-ல நெட்பிளிக்ஸ்ல தொடராவே வந்துடுச்சு. அந்த மாவட்டத்துக் கர்மாடர்லதான் வங்காளத்துப் பெரியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கடைசிக் காலத்துல பல வருஷம் குடியிருந்தாரு. ஊருக்கு வந்த சாபத்தைப் பாரு. ஆனா இப்ப இந்தத் தொழில் அங்க மட்டும் இல்ல. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி நம்ம பையன்களைக் கூட்டிட்டுப் போய், மியான்மர்ல மியாவாடிங்கற இடத்துல அடைச்சு வெச்சு, அடிச்சு, ஆன்லைன் மோசடி செய்ய வெச்சாங்க. 2022 அக்டோபர்ல அதுல கொஞ்சம் பேர் மீண்டு சென்னையில வந்து இறங்கினாங்க. அதனால, தமிழ் பேசறவன் உன்னை ஏமாத்தறவனாவும் இருக்கலாம், அவனே ஏமாந்து மாட்டினவனாவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் உன் மூணு எண்ணு அவனுக்கு எதுக்கு?

கர்ணன் கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்திரன் பிராமணன் வேஷத்துல வருவான், கவச குண்டலத்தைக் குடுத்துடாதேன்னு சூரியன் முந்தியே எச்சரிச்சான். கர்ணன் கேக்கல, குடுத்தான். பதிலுக்குச் சக்தி ஆயுதமாவது வாங்கினான். உனக்கும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வருது. ஓடிபி வர்ற மெசேஜ்லயே யாருக்கும் சொல்லாதீங்கன்னு எழுதியிருக்கும், எந்தக் கடைக்கு எவ்வளவு ரூபாய்னும் பெரும்பாலும் போட்டிருக்கும். நீ எழுத்தெல்லாம் விட்டுட்டு எண்ணை மட்டும் படிச்சுக் காட்டறே. பதிலுக்கு உனக்கு என்ன கிடைக்கும்? கார்டு பில்.

வாசகசாலையில பேப்பர் படிக்கறவன் சொல்றேன், கேட்டுக்கோ. வங்கிக்காரங்க வாடிக்கையாளரைக் கூப்பிட 1600-ல ஆரம்பிக்கற நம்பர், விளம்பரத்துக்கு 140-ல ஆரம்பிக்கற நம்பர்னு 2025 ஜனவரியில ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. பத்து இலக்க மொபைல்ல இருந்து மேனேஜர்னு பேசறவனுக்கு நீ பதில் சொல்லவே வேண்டாம். அட, 1600-ன்னே வந்தாலும் வெச்சுட்டு, கார்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கற நம்பருக்கு நீயே அடி. *401* போட்டு ஒரு நம்பரை அமுக்குங்கன்னு எவனாவது சொன்னா அமுக்காதே. உனக்கு வர்ற அழைப்பெல்லாம் அவன் போனுக்குப் போற வழி அது. அதுக்காகவே 2024 ஏப்ரல் 15-லிருந்து அந்த வசதியை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க.

இன்னொண்ணு. நம்ம நாட்டுக் கடைன்னா ஆன்லைன்ல ஓடிபி கேக்கும். வெளிநாட்டுக் கடைகள் சிலதுல கேக்கவே கேக்காது, கார்டு நம்பரும் தேதியும் பின்னாடி மூணு எண்ணும் போதும். 2020 அக்டோபர்லிருந்து கார்டுல வெளிநாடு, ஆன்லைன்னு தனித்தனியா சுவிட்ச் இருக்கு, வங்கி ஆப்லயே அணைக்கலாம். நீ அமெரிக்காவுல சாமான் வாங்கறதில்ல, ஆயக்குடியில கொய்யாப்பழத்துக்கே பேரம் பேசறவன். அந்த வெளிநாட்டு சுவிட்ச்சை இப்பவே, என் கண்ணு முன்னாலயே அணை.

அப்படியும் ஒரு நாள் விழுந்துட்டேன்னா, மானம் போச்சுன்னு மாமன்கிட்ட மறைச்சுக்கோ, பரவாயில்ல. வங்கிகிட்டயும், சைபர் மோசடிப் புகாருக்கு இருக்கற 1930 நம்பர்கிட்டயும் மறைக்காதே. 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வங்கி மேலயும் தப்பில்லாம, உன் மேலயும் தப்பில்லாம நடுவுல எவனோ திருடினா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உனக்கு நட்டம் கிடையாது. ஆனா ரகசிய எண்ணை நீயே வாயால சொல்லிக் குடுத்திருந்தா, நீ வங்கிக்குத் தகவல் சொல்ற நிமிஷம் வரைக்கும் போன பணம் உன் தலையில. சொன்னதுக்கு அப்புறம் போனா அது வங்கியோட பாடு. ராத்திரி மணி பன்னெண்டா இருந்தாலும் சரி, முதல்ல வங்கிக்கு அடிச்சுக் கார்டை முடக்கு, அடுத்து 1930-க்குக் கூப்பிடு. விடிஞ்சு பார்த்துக்கலாம்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன்னா, விடியற வரைக்கும் போறதெல்லாம் உன் கணக்குலதான்.