காதைக் காணோம்

சென்சார் பெரிதானால் பின்னணி கரையும். பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடனில் ஃபுல் ஃப்ரேம் காமிரா வாங்கியதற்கு வீட்டில் சொல்ல வேறு காரணமும் இல்லை.

அக்கா பேத்தியின் காதுகுத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். 50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப்/1.8, 1 மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் கூர்மையாக விழும் ஆழம் 4 செ.மீ. சொச்சம்தான். ஃபோகஸைக் கண்ணில் வைத்தேன். இமைமுடியை எண்ணிவிடலாம். காது இருந்த இடத்தில் மார்கழிப் பனி.

"காதுகுத்துப் படத்துல காதைக் காணோமேடா" என்றாள் அக்கா.

"அது ஆர்ட்டுக்கா" என்றேன்.

மாமாவின் செல்போனில் காது, கம்மல், பத்தரின் விரல், பின்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரை பளிச்சென்று விழுந்திருந்தன. சின்ன சென்சார், அதற்கேற்ற குட்டி லென்ஸ்.

சென்சார் மகிமையை நிரூபித்தே தீருவதென்று, மேஜைமேல் ஸ்கேலை நீளவாக்கில் கிடத்தினேன். அதே லென்ஸைச் சின்ன சென்சார் கொண்ட பழைய கிராப் சென்சார் காமிராவில் மாட்டி, அதே 1 மீட்டரில் நின்று எடுத்தேன். ஆழம் கூடவேண்டுமே? 3 செ.மீ.கூட இல்லை! சின்ன சென்சாரின் படத்தை அதே அளவில் பார்க்க ஒன்றரை மடங்கு கூடுதலாகப் பெருக்க வேண்டும். மங்கலும் கூடவே பெருகிவிடுகிறது. பழைய சட்டகத்துக்குள் காட்சி அடங்க 1.5 மீட்டருக்குப் பின்வாங்கிய பிறகுதான் ஆழம் ஆறரை செ.மீ. ஆனது. அத்தனை காலம் சென்சாருக்கு நான் சூட்டிய மாலை, பின்னால் எடுத்துவைக்கும் ஓர் எட்டுக்குச் சேரவேண்டியது. அல்லது, நகராமல் அகன்ற லென்ஸை மாட்டுவதற்கு. எட்டு வைக்கக் காசு வேண்டாம் என்பது தனி வயிற்றெரிச்சல்.

இன்னொன்றும் உண்டு. 1932இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக்காரர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு 'எஃப்/64' என்றே பெயர் வைத்தார்கள். எண் ஏற ஏற அப்பர்ச்சர் மூடும், ஆழம் கூடும். என் லென்ஸ் 16உடன் நின்றுவிடுகிறதே என்று அதைத் திட்டியிருக்கிறேன். 8க்கு 10 அங்குல பிலிமில் அவர்கள் 64 வரை மூடிப் பெற்ற ஆழம், அதே காட்சிக்கு என் காமிராவில் எஃப்/8, 9லேயே கிடைத்துவிடும். அந்த 8 என் லென்ஸிலும் இருக்கிறது. காசு கொடுத்தது 1.8க்கு என்பதால் அந்தப் பக்கம் போனதேயில்லை.